கரிப் பக்கத்து ஜன்னல்

திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இதில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பாறை வெறும் கல்தானே என்று நினைப்பவர்களுக்காக அபிராமி அம்மன் மேலும், என் உதவியாளன் கஸ்பார் மனம் கோணக்கூடாது என்பதற்காகப் புனித சூசையப்பர் மேலும் சத்தியம் செய்கிறேன். இத்தனை பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டுப் பொய் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

எண்பத்து நான்காம் வருஷம், ஆடி மாதம். என் பெயர் உடையப்பன், தொழில் துப்பறிதல். பேகம்பூரில் ஒரு தோல் கிடங்கின் மாடியில் என் அலுவலகம். பதனிடாத தோலின் வாசனை படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வந்த விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு ஓடுவார்கள். பொய் சொல்ல நிறைய மூச்சு வேண்டும். அதனால் என் அலுவலகத்தில் யாரும் பொய் சொன்னதில்லை.

அப்படி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தவர்தான் செம்பட்டிப் பக்கத்துச் சடையாண்டி.

"அய்யா, தாசில்தாருக்குக் காவல் வேணும்."

"தாலுகா ஆபீசுல இருக்கவருக்குப் போலீசே காவல் இருக்கேப்பா" என்றான் கஸ்பார்.

"எஞ் சேவலுய்யா அது! பேரு தாசில்தாரு."

"கூப்பிட்டா வருமா?"

"வராது."

"அப்பப் பேரு சரியாத்தான் வச்சிருக்கீக."

கிளிமூக்குச் சேவல் எங்கள் சீமையின் செல்லப்பிள்ளை. அலகு கிளிக்கு இருப்பதுபோல் வளைந்திருக்கும். வால் விசிறியாக விரிந்து தரையைக் கூட்டும். சண்டைக்கு விடமாட்டார்கள், நிறுத்திவைத்து அழகு பார்ப்பார்கள். அழகு பார்த்தே குடும்பங்கள் கெட்டிருக்கின்றன. சடையாண்டியும் நாகல் நகர் பூட்டுக்கடை சுப்புராஜும் பந்தயம் கட்டியிருந்தார்கள். பழனியில் நடக்கும் சேவல் காட்சியில் தாசில்தார் ஜெயித்தால் சுப்புராஜின் பூட்டுக்கடை சடையாண்டிக்கு. சுப்புராஜின் சேவல் ஜெயித்தால் சடையாண்டியின் சம்பங்கித் தோட்டம், கிணற்றோடு, சுப்புராஜுக்கு. ஒரே ஒரு நிபந்தனை: இரண்டு சேவலும் களத்தில் நிற்க வேண்டும். ஒன்று வராவிட்டாலும் பந்தயம் இல்லை.

"சுப்புராசுக்கு உள்ளூர உதறல் எடுத்துருச்சுய்யா. தாசில்தாரக் களத்துக்கு வரவிடாமப் பண்ணிருவான். ரயில்ல நீங்க கூட வரணும்."

"வீட்டுல என்ன சொல்றாக?" என்றேன்.

"பொம்பளைக்கு இதுல என்னய்யா தெரியும்? சின்னாளபட்டியில புதுச் சுங்குடி ஒண்ணு எடுத்துக் குடுத்துருக்கேன், கத்திரிப்பூக் கலர்ல. அதக் கட்டிக்கிட்டுத் தோட்டத்துல பூ எடுத்துக்கிட்டுக் கெடப்பா."

இதைச் சொல்ல அவர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். வாசனை தாக்கியதும் படியிறங்கி ஓடிவிட்டார்.

சேவல் வளர்ப்போர் சங்கத்துக்காரர்கள் ஆண்டுதோறும் ஆடியில் பழனிக்கு ரயில் உல்லாசப் பயணம் போவார்கள். பழனி பாசஞ்சரின் கடைசியில் அவர்களுக்கென்று ஒரு பழைய பெட்டியை மாட்டிவிடுவது வழக்கம். அந்தப் பெட்டிக்கு இடுப்பு உயரத்துக்கு மேல் சுவர் கிடையாது. நாலு பக்கமும் தூண், மேலே கூரை, நடுவில் பெஞ்சு, அவ்வளவுதான். ரயிலில் உட்கார்ந்தபடியே மான் சுட வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரத் துரை சுவரை அறுத்தெறியச் சொன்னாராம். மான்கள் அந்த வாரமே ஊரைக் காலி செய்துவிட்டன. துரையும் போய்விட்டார். பெட்டி மட்டும் நின்றுவிட்டது. ஜன்னல் எது, சுவர் எது என்று தெரியாத அந்தப் பெட்டியில் போவதற்குத்தான் ஆட்கள் சங்கத்திலேயே சேர்ந்தார்கள். பாதிப் பேர் வீட்டில் சேவலும் கிடையாது, கோழியும் கிடையாது.

நீராவி இன்ஜின் இழுக்கும் ரயிலில் திறந்த பெட்டியில் போயிருக்கிறீர்களா? போகாதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரிப் புகையும் ஈர மண்ணும் தக்காளிச் செடியும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும். இன்ஜின் விடுகிற மூச்சு நம் விலா எலும்பில் கேட்கும். களையெடுக்கிற பெண்கள் நிமிர்ந்து, நம்மையும் நம் சேவல்களையும் பார்த்துச் சிரிப்பார்கள். கையை வெளியே நீட்டினால் காற்று கைகுலுக்கும்.

ஆனால் சட்டதிட்டம் உண்டு. பழகினவன் இன்ஜினுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். முகத்தைக் காட்டினால் கரித்துகள் நேராகக் கண்ணுக்குள் வந்து குடியேறும். இரண்டாவது சட்டம், காற்றைப் பார்த்து இடம் பிடிப்பது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அக்கரைப்பட்டி தாண்டியதும் நான் பார்த்தது அம்மி அல்ல, ஆட்டுக்கல். குழவியோடு பறந்தது. இடது பக்கம் மலைத்திசையிலிருந்து வந்து, பெட்டிக்குள் நுழைந்து, என் தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு, வலது பக்கமாக வெளியே போயிற்று.

"பின்னாலயே ஒரு அம்மா மாவுச் சட்டியத் தூக்கிக்கிட்டு ஓடியாருதுண்ணே" என்றான் கஸ்பார்.

காற்று மலைப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று அப்போதே மனதில் எழுதிக்கொண்டேன். புகையும் கரியும் மொத்தமாக வலது பக்கம் சாய்ந்தன. கூட்டமெல்லாம் இடது பக்கம், அதாவது மலைப் பக்கம், ஒட்டிக்கொண்டது. வலது பக்கத்துக்குக் கரிப் பக்கம் என்று பெயர். அங்கே ஒரு ஈ உட்காரவில்லை. தாசில்தாரின் கூடை மட்டும் அந்தப் பக்கத்து மூலையில் துணி போர்த்தி இருந்தது.

"கூடைய ஏன்டா அங்க வச்ச?" என்று சடையாண்டி தம்பியைக் கேட்டார்.

"கறுத்த சேவலக் கரி என்னண்ணே செய்யும்? இங்க வச்சா ஆளுக மிதிச்சுருவாக" என்றான் ஈஸ்வர்.

ஈஸ்வர் சடையாண்டியின் ஒரே தம்பி. அம்மா இல்லாத பிள்ளை. அண்ணனும் மதினியும் வளர்த்த பிள்ளை. தாசில்தாருக்கு இரை போடுவது, எண்ணெய் தடவுவது, வாலைச் சீப்பால் வாருவது எல்லாம் அவன் வேலை. அந்தச் சேவலுக்கு ஒரு குணம்: வீட்டாள் தவிர யார் கை வைத்தாலும் கொத்தும். ஏறும்போதே கஸ்பார் செல்லமாகத் தடவப் போய் விரலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"லஞ்சம் வாங்காத தாசில்தாரு போலண்ணே. கைய நீட்டுனாலே கோவம் வருது."

ஒட்டன்சத்திரத்தில் வண்டி நின்றதும் ஆளாளுக்கு இறங்கிக் காய்கறி வாங்கினார்கள். ஈஸ்வரும் ஒரு சாக்கில் ஏதோ வாங்கி வந்தான். ஒட்டன்சத்திரத்தில் காய் வாங்காமல் வருகிறவனைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆகவே நான் சந்தேகப்படவில்லை.

சத்திரப்பட்டி போயிற்று. பழனிக்கு முந்தின கைகாட்டியில், வழக்கம்போல் சிக்னல் கிடைக்காமல், வண்டி நின்றது. இடது பக்கம், தென்னை மரங்களுக்கு மேலே, பழனி மலையும் உச்சியில் கோயிலும் தெரிந்தன.

மலை கண்ணில் பட்ட மாத்திரத்தில் பெட்டி மொத்தமும் எழுந்து இடது பக்கம் திரும்பி, கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, கண்ணை மூடி, "அரோகரா!" என்று கூவும். பூட்டுக்கடைக்காரனும் கூவுவான், பூக்காரனும் கூவுவான். யாராவது கண்ணைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவன் முழங்கையால் இடிப்பான். நானும் மூடினேன். துப்பறிவாளனாக இருந்தாலும் முருகன் முருகன்தான்.

வண்டி மறுபடி நகர்ந்து பழனி ஸ்டேஷனில் நின்றது. சடையாண்டி கூடையைத் தூக்கினார். கனம் சரியாக இருந்தது. துணியை விலக்கினார்.

தாசில்தார் பரங்கிக்காயாக மாறியிருந்தார்.

சடையாண்டி அந்தப் பரங்கிக்காயைப் பார்த்த பார்வையை என் எதிரிக்கும் கொடுக்கமாட்டேன். பிறகு அதே பார்வையை என் பக்கம் திருப்பினார்.

"காவலுக்குத்தானய்யா உங்களக் கூட்டியாந்தேன்?"

"நான் முழுசா விழிப்பாத்தான் இருந்தேன்" என்றேன்.

"ஆமா, கொறட்டை விட்டுக்கிட்டே விழிப்பா இருந்தாக" என்றான் கஸ்பார்.

"நீ ஏன்டா பாக்கல?" என்று அவன்மேல் பாய்ந்தேன். "நீ வேதக்காரன்தானே? நீயாவது கண்ணத் தொறந்து வச்சிருக்கலாம்ல?"

"அம்புட்டுப் பேரும் கண்ண மூடையில நான் மட்டும் முழிச்சுக்கிட்டு நின்னா மரியாதையாண்ணே? நானும் மூடி, சூசையப்பருக்கு ஒரு அரோகரா போட்டேன்."

சடையாண்டி நேரே சுப்புராஜிடம் போய்ச் சட்டையைப் பிடித்தார். பூட்டுக்கடை சுப்புராஜ் தலைக்கு எண்ணெய் தடவி, சந்தனம் வைத்து, தன் சேவலை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏலே சுப்புராசு! களத்துல நிக்கத் தெம்பில்லாம ரயில்லயே களவாண்டுட்டியாடா?"

"போய்யா! தோக்குறதுக்குப் பயந்து நீயே ஒளிச்சு வச்சுட்டு எம்மேல பழி போடுறியா? உன் தோட்டத்துல என்ன நடலாம்னு நேத்தே முடிவு பண்ணிட்டேன் நான்."

காட்சி ஸ்டேஷனுக்கு எதிர் மைதானத்தில். நடுவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர், ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்து சேவல்களின் அலகை விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி பெயர் பெயராகக் கூப்பிட்டது. தாசில்தாரின் முறை வருவதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் சடையாண்டிக்குப் பூட்டுக்கடை போச்சு; அதைவிட, செம்பட்டி முதல் சின்னாளபட்டி வரை தலைகாட்ட முடியாது.

"சுப்புராஜ் அண்ணாச்சி, கையக் காட்டுங்க" என்றேன்.

காட்டினார். சந்தனம் மணக்கிற, ஒரு கீறல் இல்லாத கை.

"கஸ்பார், உன் விரலக் காட்டு."

"இது எதுக்குண்ணே இப்ப? ஊரெல்லாம் பாத்துருச்சே."

"தாசில்தார் அந்நியன் தொட்டா கொத்தும். சத்தமும் போடும். கைகாட்டியில அரோகராவுக்கு நடுவில ஒரு கொக்கரிப்புகூட இல்லை. இவர் கையில காயமும் இல்லை. சடையாண்டி, எடுத்தது இவர் இல்லை. எடுத்தது தாசில்தார் தன் ஆளுன்னு நினைக்கிற யாரோ."

சடையாண்டி சட்டையை விட்டார். "என் ஆளா? இந்த ரயில்ல என் ஆளு நானும் என் தம்பியுந்தான?"

எல்லாரும் ஈஸ்வரைப் பார்த்தோம். அவன் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். வெள்ளை விழி செக்கச் செவேல் என்றிருந்தது.

"கண்ணுல என்னப்பா?" என்றேன் அன்பாக. நான் அன்பாகக் கேட்டால் கஸ்பார் எப்போதும் ஒரு அடி பின்னால் போய்விடுவான்.

"கரி விழுந்துருச்சுங்கய்யா."

"எங்க நின்னப்ப?"

"கைகாட்டியில. சாமி கும்பிடும்போது. உங்களுக்குப் பின்னாலதான நின்னேன், மலைப் பக்கம்."

"சாமி கும்பிடும்போது கண்ண மூடியிருப்பியே. மூடின கண்ணுக்குள்ள கரி எப்படிப் போச்சு?"

"அது வந்து... லேசாத் தொறந்தேன்."

"சரி. லேசாத் திறந்தே. மலைப் பக்கம் நின்ன எங்க ஒருத்தர் மேலயும் கரி விழலை. சுப்புராஜ் அண்ணாச்சி சந்தனத்துல ஒரு பொட்டுக் கரி இருக்கா பார். ஆட்டுக்கல்லே இடமிருந்து வலமாத்தான் போச்சு. கரி மட்டும் எதிர்க் காத்துல ஏறி வந்து உன் கண்ணைத் தேடிப் பிடிச்சதா?"

"டிக்கெட் எடுத்து வந்துருக்கும்ணே" என்றான் கஸ்பார்.

ஈஸ்வர் முகத்தைத் தாழ்த்திக்கொண்டான். ஆடிக் காற்று அவன் தலைமுடியைக் கலைத்தது.

"நீ கரிப் பக்கம் நின்னே. எல்லாரும் கண்ணை மூடினதும் சேவலை எடுத்துக்கிட்டு, பரங்கிக்காயை உள்ள வச்சுட்டு, கரிப் பக்கமா இறங்கினே. நின்ன வண்டியில சுவரில்லாத பெட்டி. தாண்டுறது ஒரு வேலையா? இன்ஜின் அப்ப ஒரு பெருமூச்சு விட்டிருக்கும். கண் நிறைய கரி. தாசில்தாரை யார்கிட்டயோ கொடுத்துட்டு ஏறிட்டே. யார்கிட்ட?"

"யாருகிட்டயும் இல்ல. கண்ணுல விழுந்ததும் கொழாத் தண்ணியில கழுவிட்டு..."

அவன் முகத்தைத் தூக்கிப் பிடித்தேன். கழுவின கண் அல்ல அது. இமையின் மேலும் கீழும், விளிம்பெல்லாம், கத்திரிப்பூ நிறத்தில் ஒரு மெல்லிய சாயம் ஒட்டியிருந்தது.

"கண்ணுக்கு மை வேற போட்டு விட்டுருக்காகண்ணே" என்றான் கஸ்பார்.

கண்ணில் கரி விழுந்தால் எங்கள் பக்கம் ஒரு வைத்தியம் உண்டு. கசக்கக்கூடாது. பக்கத்தில் இருக்கிற பெண் முந்தானை நுனியைச் சுருட்டிப் பிடித்து, வாயருகே வைத்து, சூடாக ஊதி ஊதி, மூடின இமைமேல் ஒற்றுவாள். துகள் தானாக நழுவி வரும். இந்த வைத்தியத்தில் ஒரே ஒரு கெடுதல். முந்தானை புதுச் சுங்குடியாக இருந்து, மூன்று தண்ணீர் பார்க்காததாக இருந்தால், மூச்சின் ஈரத்துக்கே சாயம் விடும்.

நான் இதையெல்லாம் மனதில் அடுக்கி, தொண்டையைச் செருமி, அந்தப் பெண் யாராக இருக்கலாம் என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் சடையாண்டியின் முகம் மாறிவிட்டது. அவர் தம்பியின் கண்ணைப் பார்க்கவில்லை. அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சேலையை எடுத்தவர் அவர்தான்.

"எங்கடா அவ?" என்றார். குரல் தாழ்ந்து போயிருந்தது.

"அண்ணே..."

"உங்க மதினி எங்கடா?"

ஈஸ்வர் கையைக்கூட நீட்டவில்லை. அவன் பார்வை ஸ்டேஷன் வாசலில் பூக்காரிகள் வரிசைப் பக்கம் போய்த் திரும்பியது. அது போதும்.

வேப்பமர நிழலில், சம்பங்கி குவித்த பெரிய கூடைக்குப் பின்னால், கத்திரிப்பூ நிறச் சுங்குடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ராமுத்தாய். விடிந்ததும் பஸ் ஏறி வந்து, கைகாட்டியடியில் நின்று காரியத்தை முடித்துவிட்டு, தண்டவாளத்தை ஒட்டி நடந்து வந்திருக்கிறாள். எங்களைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. ஒரு கையால் மடியில் இருந்த பூவைச் சரி செய்தாள். இன்னொரு கை கூடைக்குள் சம்பங்கிக்கு அடியில் இருந்தது.

"பூ வேணுமாண்ணே?" என்றாள் என்னிடம்.

இங்கேதான் என் தொழில் பெருமை என்னைக் கவிழ்த்தது. கண்டுபிடித்தவன் கண்டுபிடித்த விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியுமா? சமைத்தவன் பந்தியில் நிற்காமல் போவானா? காற்றில் தொடங்கினேன். ஆட்டுக்கல்லை விவரித்தேன். கொத்தாத சேவல், மலைப் பக்கம் விழாத கரி, அரோகராவின் இடைவெளி என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன். ராமுத்தாய் கதை கேட்பதுபோல் தலையாட்டினாள்.

"ஆட்டுக்கல்லு எந்தூருண்ணே?"

"அக்கரைப்பட்டிப் பக்கம்."

"குழவி எந்தப் பக்கமா போச்சு?"

"சேர்ந்தேதான் போச்சு. ஏன் கேக்குறே?"

"இல்ல, நல்லாச் சொல்லுறீக. சொல்லுங்க, சொல்லுங்க."

சொன்னேன். சுங்குடிச் சாயத்தின் குணம் வரை சொன்னேன். "ஆகவே, தாசில்தார் இந்தச் சம்பங்கிக்கு அடியில், இருட்டில், சமர்த்தாகத் தூங்குகிறார்" என்று முடித்தேன். நாலு பேர் கூடி நின்று கேட்டார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

சடையாண்டி கைதட்டவில்லை.

"என் வீட்டுல, என் சோத்தத் தின்னுட்டு, ரெண்டு பேரும் சேந்து எனக்குக் குழி பறிச்சிருக்கீக." ராமுத்தாய் பக்கம் திரும்பினார். "வெளியாள் எடுத்திருந்தாக்கூடத் தாங்கிக்கிருவேன். சுப்புராசு எடுத்திருந்தா அவன அடிச்சுட்டுப் போயிருப்பேன். உன்ன நான் என்ன செய்யட்டும்? உனக்கு என்ன கொற வச்சேன்? போன வாரந்தான சேலை எடுத்தேன்?"

"சேலை எதுக்கு எடுத்தீக?" என்றாள் ராமுத்தாய்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் சொல்றேன். ரெண்டு நா முன்னாடி ஒருத்தன் வந்து நம்ம கெணத்த எட்டிப் பாத்துக்கிட்டு நின்னான். யாருய்யான்னேன். 'சுப்புராஜ் முதலாளி அனுப்புனாரு, அவருக்கு வரப்போற தோட்டம், தண்ணி ஊறுதான்னு பாத்துட்டு வரச் சொன்னாரு'ங்கறான். எங்கையில பூக்கூடை. நின்ன எடத்துலயே வச்சுட்டு உக்காந்துட்டேன். சேலை எதுக்குன்னு அப்பத்தான் புரிஞ்சுது."

சுற்றி நின்றவர்கள் ஒரு அடி விலகினார்கள்.

"அது யாரு தோட்டம்? இந்தா நிக்கிற அண்ணனுக்குச் சொல்லுங்க."

சடையாண்டி மண்ணைப் பார்த்தார்.

"எங்காத்தா எனக்கு எழுதி வச்சது" என்றாள் என்னைப் பார்த்து. "இவுக எழுதி வச்சதில்ல, வாங்குனதில்ல. ஒரு கெணத்தப் பந்தயத்துல வச்சிருக்காக. வச்சவுக எம் பக்கத்துலதான் படுத்துருந்தாக. ஒரு வார்த்த சொல்லல. கொமட்டுல குத்துனவன்கூட முன்னால நின்னுதான் குத்துவான்."

"நான் ஜெயிச்சிருவேன்டீ! தாசில்தாரு மாதிரி ஒரு சேவல் இந்தச் சில்லாவுலயே கெடையாது. பூட்டுக்கடை நமக்கு வந்துருக்கும்ல?"

"வந்துருக்கும். வராமயும் போயிருக்கும். அத எங்கிட்டக் கேட்டீகளா?"

சடையாண்டி தம்பியின் பக்கம் திரும்பினார். "நீ? நான் தோள்ல தூக்கி வளத்தவன்டா நீ. நீ யாரு பக்கம்டா?"

ஈஸ்வர் சிவந்த கண்ணைத் துடைத்தான். "நீ தோள்ல தூக்கிட்டுப் போயி சேவல் காட்டுனண்ணே. சோறு ஊட்டுனது மதினி. சாயங்காலமே திருப்பிக் கொண்டாந்து வச்சுரலாம்னுதான்..."

ஒலிபெருக்கி கரகரத்தது. "அடுத்து, செம்பட்டி சடையாண்டி சேவல்! சடையாண்டி சேவல் களத்துக்கு வரவும்!"

சடையாண்டி நிமிர்ந்தார். ஒரு நொடி, அவர் மனைவியையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். கஸ்பாரும் அப்படித்தான் நினைத்தானாம். ராமுத்தாயும் நினைத்திருக்க வேண்டும். அவள் முகத்தில் அந்த ஒரு நொடி மட்டும் ஏதோ இளகி நின்றது.

"எடுடீ சேவல" என்றார் அவர்.

இளகினது இறுகிவிட்டது.

"எடுத்துக்கங்க" என்று கூடையை அவர் பக்கம் தள்ளினாள்.

சடையாண்டி இரண்டு கையையும் சம்பங்கிக்குள் விட்டு, பூ சிதற, தாசில்தாரைத் தூக்கினார். அலகு அதே கிளிமூக்கு. கொண்டை அதே கொண்டை. நெஞ்சை நிமிர்த்தி, இருட்டிலிருந்து வந்த வெளிச்சத்துக்குக் கண்ணைச் சிமிட்டி, கம்பீரமாகக் கூவியது. கூவும்போது வாலைத் தூக்குவது அதன் வழக்கம்.

தூக்க வால் இல்லை.

விசிறி இருந்த இடத்தில், கத்தரித்த துடைப்பக்கட்டை மாதிரி ஒரு குச்சிக் கொத்து. ராமுத்தாய் கூடைக்குள் இருந்த கையை வெளியே எடுத்தாள். பூச்சரத்தின் நூல் கத்தரிக்கிற சின்னக் கத்தரிக்கோல். அதோடு கறுப்பு இறகுகள் ஒரு பிடி. அவற்றை ஒற்றைக் கையாலேயே நார் வைத்துக் கட்டியும் முடித்திருந்தாள்.

"எப்ப?" என்று என் வாயிலிருந்து வந்தது.

"நீங்க ஆட்டுக்கல்லு சொல்லையில ஆரம்பிச்சேண்ணே" என்றாள். "சாயம் வரையில முடிஞ்சுது. ரயில்ல நீங்க ஏறாம இருந்திருந்தா வாலத் தொட்டே இருக்கமாட்டேன். கண்டுபிடிச்சுட்டீகன்னு தெரிஞ்சதும் வேற வழியில்ல."

"எழுவது அடி தள்ளி நின்னு 'கெடச்சிருச்சு'ன்னு ஒரே வார்த்தையில சொல்லிருந்தா தாசில்தாரு முழுசாக் கெடச்சிருப்பாருண்ணே" என்றான் கஸ்பார். அவன் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது.

சடையாண்டி சேவலை அணைத்துக்கொண்டு நின்றார். வால் இல்லாத கிளிமூக்கை நடுவர் களத்துக்குள் விடமாட்டார். அது சங்கத்தின் விதி. அந்தப் பக்கம் சுப்புராஜ் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, பூட்டுக்கடை பிழைத்த சந்தோஷமும் தோட்டம் போன துக்கமும் ஒரே முகத்தில் ஓட, தன் சேவலைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

"வாலு தைக்குள்ள வளந்துரும்" என்றாள் ராமுத்தாய். "கெணறு வளருமா?"

திரும்பும் ரயிலில் அந்தத் திறந்த பெட்டியில் யாரும் கூச்சலிடவில்லை. மலைப் பக்கத்தில் எல்லாரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். சடையாண்டி மட்டும் கரிப் பக்கத்தில், இன்ஜினைப் பார்த்தபடி, தனியாக உட்கார்ந்தார். அந்த இடத்தில் உட்கார்ந்தவன் கண் கலங்கினால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். சத்திரப்பட்டி தாண்டி, ராமுத்தாய் எழுந்து போனாள். முந்தானையைச் சுருட்டி, ஊதி, அவர் கண்ணருகே கொண்டுபோனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அதே இடத்தில், கையில் சுருட்டிய முந்தானையோடு, திண்டுக்கல் வரும்வரை நின்றுகொண்டே வந்தாள். இறங்கும்போது கத்திரிப்பூச் சேலை கறுப்பாகியிருந்தது.

"இதுல யாருண்ணே யாரை ஏமாத்துனது?" என்று கஸ்பார் பேகம்பூர் வரை கேட்டுக்கொண்டே வந்தான். வாடிக்கையாளர் சேவலைக் கேட்டார். சேவலைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். என் தொழில் அத்தோடு சரி.

ஒரு விவரம் மட்டும் பாக்கி, அதுவும் அதே பாறையின் மேல் ஆணையாக. அந்த ஆடி மாதம் முழுவதும், இரண்டு கண்ணிலும் புரை எடுத்து, கட்டுப் போட்டு, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் மல்லாந்து படுத்திருந்தேன்.